படகுத்துறை ஜெபாலயத்தின் திரை

தனக்குத் தரப்பட்ட காப்பியில் சர்க்கரை இல்லை என்பதை முதல் மிடற்றிலேயே கண்டுகொண்ட ஓட்டகார் பீலெக், எதிரே அமர்ந்திருந்த ஸிக்மண்ட் பாஷ் நிரபராதி என்ற முடிவுக்கு வந்தான். திருடியவன் விருந்தாளியை விழுந்து விழுந்து கவனிப்பான். சர்க்கரையை மறக்க மாட்டான்.

"சர்க்கரையை வெச்சு யாரையும் விடுதலை பண்ண மாட்டாங்க, பீலெக்," என்றாள் ஹெர்மினா லெடரரோவா. "குடிங்க."

ஹெர்மினா ப்ராக் நகரில் துப்பறியும் தொழில் நடத்துபவள். எந்த வாக்கியத்தையும் பாதியில் விடாதவள். ஓட்டகார் அவளுடைய உதவியாளன். அதற்குமுன் டிராம் ஓட்டியவன். தண்டவாளத்தை விட்டு ஒருநாளும் விலகாத தன் வாழ்க்கை இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தடம் புரண்டது என்று அவன் சொல்லிக்கொள்வதுண்டு.

பாஷ், யூதர்களின் படகுத்துறை ஜெபாலயத்தில் சமாஷ், அதாவது பணியாளர். விளக்கு, பூட்டு, துடைப்பம் மூன்றும் அவர் பொறுப்பு. எழுநூறு ஆண்டுப் பழமையுள்ள அந்தக் கற்கூடத்தின் பின்முற்றத்தில் அவர் குடியிருந்த இரண்டறை வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும்.

"மறுபடி சொல்லுங்க," என்றாள் ஹெர்மினா. "புதன்கிழமை சாயங்காலத்திலேர்ந்து."

"புதன் சாயங்காலம் எங்க ஆவ் மாசத்து ஒன்பதாம் நாள் தொடங்கிச்சு. எருசலேம் கோயில் இடிஞ்ச துக்கம். அன்னிக்கு வேதச்சுருள் வெச்சிருக்கிற பேழை முன்னால திரை தொங்கக் கூடாது. ஏணி போட்டு இறக்கினேன். மடிச்சு, முன்கூடத்து அலமாரியில வெச்சுப் பூட்டினேன். வியாழக்கிழமை மத்தியானத் தொழுகைக்கு மறுபடி மாட்டணும். போய்த் திறந்தேன். அலமாரி இருந்தது."

"திரை?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

சிவப்பு மகமல்; பொற்சரிகையில் இரண்டு சிங்கங்கள்; நானூறு ஆண்டுத் துணி. அதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டவர் டிக்கெட் எடுத்து வந்தார்கள்.

"அலமாரிச் சாவி?"

"என்கிட்ட மட்டும்."

"பூட்டு உடைஞ்சிருந்ததா?"

"உடைஞ்சிருந்தா நான் உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டேனே, அம்மா. எங்க சபைத் தலைவர் டாக்டர் முங்க், புதன் அஞ்சு மணிக்குப் பார்வையாளரை அனுப்பிட்டுப் பூட்டும்போது திரை தொங்கினதைக் கண்ணால பார்த்ததா போலீஸ்ல சொல்லியிருக்கார். அவர் பார்த்தார், நான் இறக்கினேன், சாவி என்னுது. நடுவுல நுழைய ஈக்குக்கூட இடமில்லை. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். பொழுது சாஞ்சு ஓய்வுநாள் தொடங்குறதுக்குள்ள என்னை வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க."

"துக்க நாள்ல புது ஆள் யாராவது உள்ளே வந்தாங்களா?"

"வந்தாலும் தெரியாது. அன்னிக்கு யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லக் கூடாது. மெத்தை போட்டுத் தரையில உக்காருவோம். வாயைத் திறந்தா புலம்பல் பாட்டுதான். நாள் முழுக்க ஒரு ஜீவன் எனக்கு முகம் கொடுக்கலை. டாக்டர் முங்க் ஒருத்தர்தான் காலையில வந்து, ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். பாவம், என்ன நாள்ங்கிறதே மறந்துபோச்சு அவருக்கு."

"எங்க டிராம் டிப்போவுல யாரும் யாருக்கும் வணக்கம் சொல்றதில்லை," என்றான் ஓட்டகார். "வருஷம் பூரா துக்கம்னு இப்பத்தான் தெரியுது."

பாஷ் சிரிக்கவில்லை. ஹெர்மினாவும் சிரிக்கவில்லை, ஆனால் அவள் எப்போதுமே சிரிப்பதில்லை.

வாயிலில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ஹாய்கோவா அம்மாள் ஓட்டகாரின் தலையைப் பார்த்ததும், உள்ளே போகும் ஆண்கள் தலையை மறைக்க வேண்டும் என்பதால், ஒரு நீலக் காகிதத் தொப்பியை எடுத்து நீட்டினார். உள்ளே போகவில்லை என்று அவன் சொன்னான். போகாவிட்டாலும் வைத்துக்கொள், மண்டை வெயிலில் பளபளக்கிறது என்று அவர் சொன்னார்.

"இங்கேர்ந்து ஒரு பொருளை வெளியே கொண்டுபோக முடியுமா?" என்று கேட்டாள் ஹெர்மினா.

"ஊசியைக்கூட முடியாது. போன குளிர்காலத்துல ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமப் போச்சு. அதுலேர்ந்து எல்லார் பையையும் காவல்காரன் கவுத்துக் கொட்டிப் பார்ப்பான். தொழுகை நடத்துற ரப்பி பையைக்கூட. தலைவர் போட்ட உத்தரவு. அவரே தன் பையைத் திறந்து காட்டிட்டுத்தான் போவார்."

"அப்படின்னா திரை இன்னும் வெளியே போகலை."

"நானும் அதைத்தான் போலீஸ்கிட்ட சொன்னேன். பாஷ் வீடும் வெளியே இல்லையேன்னுட்டாங்க. அந்த மனுஷனோட மெத்தையைக் கிழிச்சுப் பார்த்தாங்க. பஞ்சுதான் வந்தது."

புதன்கிழமை வந்த பார்வையாளர்களில் படம் எடுத்தவர் எவரேனும் உண்டா என்று ஹெர்மினா கேட்டபோது, அம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்பு மூடியை எடுத்துப் போட்டார்.

"பின்லாந்துக்காரம்மா. கேமராவுக்கு முக்காலி எல்லாம் வெச்சுப் படம் எடுத்தாங்க. நான் மத்தியானம் சாப்பிடப் போறப்ப கதவைப் பூட்டிட்டுப் போவேன். வந்து திறந்ததும் முதல் ஆள் அவங்கதான். லென்ஸ் மூடியை விட்டுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு வியன்னா ரயில் ஏறுறாங்களாம், ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து தர முடியுமான்னு காலையில போன். நான் டிக்கெட் கிழிப்பேனா, ஸ்டேஷனுக்கு ஓடுவேனா?"

"நாங்க ஓடுறோம்," என்றாள் ஹெர்மினா. "நீங்க சாப்பிடப் போறப்போ அந்தக் கதவுச் சாவி வேற யார்கிட்ட இருக்கும்?"

"பாஷ்கிட்ட ஒண்ணு, தலைவர்கிட்ட ஒண்ணு. ஏன்?"

"சும்மா."

ஹெர்மினா எதையும் சும்மா கேட்பதில்லை என்பது ஓட்டகாருக்குத் தெரியும். அவன் எதுவும் சும்மா சொல்லாமல் இருப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். டிராமில் போகும்போது அவன் ஓட்டுநரின் பிரேக்கைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தான்.

டாக்டர் ஐலா ரௌத்தியோ ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் இடைக்கால ஜெபாலயங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ப் படம் பிடிப்பது அவருடைய ஓய்வுக்காலத் தொழில். ரயில் நிலையக் காப்பிக் கடையில் மூடியை வாங்கிக் கேமராவில் பொருத்தியவர், வந்தவர்கள் ஜெபாலயத்து ஆட்கள் என்றே எடுத்துக்கொண்டார்.

"நன்றி. வந்ததே வந்தீங்க, என் புகாரையும் கேட்டுக்குங்க."

"சொல்லுங்க, டாக்டர்."

"பொய் சொல்லி ஆளை வரவழைக்காதீங்க. சிவப்புத் திரை, தங்கச் சிங்கம்னு ஊரெல்லாம் சுவரொட்டி. உள்ளே போனா வெறும் மரக்கதவு. எங்க வீட்டு அலமாரிக்கும் அதே கதவுதான். அதுக்கு ஹெல்சிங்கியை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டாம்."

ஓட்டகார் கடிக்க எடுத்த ரொட்டியை மெல்லத் தட்டில் வைத்தான்.

"நீங்க போனது எப்போ?" ஹெர்மினாவின் குரலில் மாற்றமில்லை.

"புதன் மத்தியானம். சாப்பாட்டுக்கு அப்புறம்."

"நல்லாப் பார்த்தீங்களா?" என்றான் ஓட்டகார். "உள்ளே வெளிச்சம் கம்மி."

"நான் ஆயுசு பூரா இருட்டு வாய்க்குள்ள பார்த்தவ. சிங்கம் இருந்திருந்தா தெரியாமப் போகாது."

அவர் கேமராவின் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். நடுவில் இரண்டு எண்கோணத் தூண்கள். அவற்றிலிருந்து கிளம்பி, மேலே ஐந்து விலாக்களாகப் பிரிந்து வளையும் கற்கூரை. பல் மருத்துவர் அதை அண்ணாந்து திறந்த வாயின் அண்ணத்தைப் போலவே எடுத்திருந்தார். அடுத்த படத்தில் கிழக்குச் சுவர், பேழை, அதன் மரக்கதவு. திரை இல்லை. படத்தின் ஓரத்தில் நேரமும் இருந்தது.

"கேமராக் கடிகாரம் ஹெல்சிங்கி நேரம்," என்றார் டாக்டர். "ஒரு மணி நேரம் கழிச்சுக்குங்க."

"கழிச்சாலும் கழிக்காட்டாலும் அஞ்சு மணிக்கு முந்திதான்," என்றாள் ஹெர்மினா. அடுத்த படத்திற்குப் போனாள், அங்கேயே நின்றுவிட்டாள்.

அது வடசுவர். ஆள் உயரத்திற்குச் சற்று மேலே வரிசையாக ஐந்து குறுகிய துளைகள். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குமேல் ஆழம். சுவருக்கு அப்பால் பெண்கள் பகுதி. அங்கிருந்து பெண்கள் படியேறி நின்று தொழுகையைப் பார்க்கும் வழி அவை. அப்பக்கத்து ஜன்னல் வெளிச்சம் நான்கு துளைகளில் வெள்ளையாய்த் தெரிந்தது. மூன்றாவது துளை கறுப்பு.

"ஒரு பல் போன மாதிரி இருக்கு," என்றான் ஓட்டகார்.

"போகலை. அடைச்சிருக்காங்க," என்று திருத்தினார் டாக்டர் ரௌத்தியோ. "நல்லா இறுக்கமா அடைச்சிருக்காங்க. யாரோ பொறுமைசாலி."

அந்த இரண்டு படங்களையும் ஹெர்மினா தன் கைப்பேசியில் வாங்கிக்கொண்டாள். ரயில் வந்தது. டாக்டர் தன் புகாருக்குப் பதில் கிடைக்கவில்லை என்று நினைவூட்டிவிட்டு ஏறினார்.

டிராம் நிறுத்தத்தில் ஓட்டகார் தன் துயரத்தை வெளியிட்டான்.

"மேடம், நம்ம கட்சிக்காரர் புளுகியிருக்கார். மத்தியானமே இல்லாத திரையைச் சாயங்காலம் ஏணி போட்டு இறக்கியிருக்கார். சர்க்கரையை நம்பினது என் தப்பு."

"தலைவரும் புளுகியிருக்கார். இல்லாத திரையை அஞ்சு மணிக்குக் கண்ணால பார்த்திருக்கார்."

"அப்போ ரெண்டு பேரும் கூட்டு."

"கூட்டுன்னா ஒருத்தர் ஏன் இன்னொருத்தரை ஜெயிலுக்கு அனுப்புறார்? பேசாம வாங்க. மறுபடியும் சர்க்கரை இல்லாத காப்பி குடிக்கணும்."

காப்பி குடிக்கவில்லை. ஹெர்மினா கைப்பேசியைப் பாஷின் முன் வைத்தாள். அவர் அந்த மரக்கதவை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்; அதனால் பார்வை மறைந்ததே தவிரப் படம் மறையவில்லை.

"தூங்கிட்டேன், அம்மா."

"எப்போ?"

"புதன் சாயங்காலம். நோன்புக்கு முந்தின கடைசிச் சாப்பாடு, சாம்பல்ல தொட்ட முட்டை, ரொட்டி. சாப்பிட்டுக் கொஞ்சம் சாஞ்சேன். எழுந்து ஓடினா எல்லாரும் தரையில உக்கார்ந்தாச்சு. பேழையில திரை இல்லை. வேற யாரோ என் வேலையைச் செஞ்சுட்டாங்கன்னு நினைச்சேன். அந்த நாள்ல திரை இல்லைன்னா யாருக்கு என்ன சந்தேகம் வரும்? இருந்தாத்தான் சந்தேகம் வரும். அப்போ ரப்பி எல்லார் முன்னாடியும், 'இந்த வருஷமாவது நேரத்துக்கு இறக்கினீங்களே, பாஷ்'னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். மத்ததெல்லாம் அதைக் காப்பாத்தச் சொன்னது. அலமாரியைத் திறந்து பார்த்தபோது நிஜமாவே உள்ளே இருக்கும்னுதான் நினைச்சேன். வேற எங்கே வெப்பாங்க? அதுக்கப்புறம் போலீஸ்ல கையெழுத்துப் போட்டாச்சு. இப்போ மாத்திச் சொன்னா யார் நம்புவா?"

"சாவி உங்ககிட்ட மட்டும் இருக்குன்னு நீங்களே சொன்னீங்களே," என்றான் ஓட்டகார். "வேற ஒருத்தர் எப்படி உள்ளே வெச்சிருப்பார்?"

பாஷ் யோசித்தார். "அதை நான் நினைச்சுப் பார்க்கலை."

"போலீசும் நினைச்சுப் பார்க்கலை," என்றாள் ஹெர்மினா. "அதனால ஒருத்தருக்கொருத்தர் சரியாப் போச்சு. நீங்க தலையை ஆட்டினதை டாக்டர் முங்க் பார்த்தாரா?"

"முன்வரிசையில இருந்தார்."

"அதான் கை குலுக்கினார்."

பாஷ் விழித்தார். ஓட்டகாரும் விழித்தான்; ஆனால் உதவியாளன் என்பதால் அதைத் தலையசைப்பாக மாற்றிக்கொண்டான்.

"திரையை நீங்க இறக்கலைன்னு அந்தக் கூடத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும்," என்றாள் ஹெர்மினா. "ஒண்ணு நீங்க. இன்னொண்ணு, மத்தியானம் கதவு பூட்டியிருந்த நேரத்துல அதை இறக்கினவர். இறக்காததை இறக்கினேன்னு நீங்க ஒத்துக்கிட்டா அவர் என்ன நினைப்பார்? 'பாஷ் என்னைப் பார்த்துட்டார். பார்த்தும் காட்டிக்கொடுக்கலை.' மறுநாள் காலையில நன்றி சொல்லாம இருக்க முடியலை. வாயால சொல்லக் கூடாது. கையைப் பிடிச்சுட்டார். உங்க ஜனம் முழுக்க ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்காத நாள்ல, சபைத் தலைவருக்கு நாள் மறந்துபோகுமா?"

"அப்படி நன்றி உள்ளவர் இவரை ஏன் மாட்டிவிட்டார்?" என்றான் ஓட்டகார்.

"போலீஸ் வந்தப்புறம் நன்றி கொஞ்சம் குறைஞ்சிருக்கும்."

பாஷ் எழுந்தார். கண்ணாடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அவர்கள் முற்றத்தைக் கடந்து, தெருவைவிடத் தாழ்ந்திருந்த கூடத்துக்குள் படியிறங்கினார்கள். ஓட்டகார் ஒரு கையால் காகிதத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வடசுவரைப் பார்த்தான். ஐந்து துளைகள். ஐந்திலும் வெளிச்சம்.

"மேடம். பல் முளைச்சிருச்சு."

ஹெர்மினா நின்றாள். முதன்முறையாக அவள் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது, அது கவலை.

"துக்க நாள் அன்னிக்குப் பெண்கள் தரையில உக்காருவாங்க, படியேறி எட்டிப் பார்க்க மாட்டாங்க. அதனால அதுவரைக்கும் திரை அந்தத் துளையில பத்திரம். ஆனா இன்னிக்குச் சாயங்காலம் மறுபடியும் படியேறுவாங்க. அதுக்குள்ள எடுத்தாகணும். எடுத்துட்டார். பையில போட்டுக் காவல்காரனைத் தாண்ட முடியாது. வேற எப்படி?"

"இன்னிக்கு இங்கேர்ந்து என்னென்ன வெளியே போகுது?" என்று பாஷிடம் கேட்டான் ஓட்டகார்.

"ஒண்ணும் போகலை. துக்க நாளுக்கு முதியோர் இல்லத்திலேர்ந்து இரவல் வாங்கின மெத்தைங்க மட்டும்தான். வழக்கமா நான்தான் கொண்டுபோவேன். இந்தத் தடவை தலைவரே தன் கார்ல..."

பாஷ் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஹெர்மினா அதற்குக் காத்திருக்கவுமில்லை.

பெண்கள் பகுதியில் டாக்டர் ருடால்ஃப் முங்க், சட்டைக் கையை மடித்துவிட்டு, போர்வையில் சுற்றிய மெத்தை மூட்டைகளின் நடுவே நின்றார். சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய வழக்கறிஞர், வெள்ளித் தலை, வாழ்நாளில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றி அறியாத கைகள். அவருக்குப் பின்னால் ரப்பியும் இன்ஸ்பெக்டர் வ்ரானாவும் வந்துகொண்டிருந்தார்கள். ஆறு மணி ஆகியிருந்தது.

"தலைவரே, நீங்க தூக்குறதா? விடுங்க," என்று ஓட்டகார் முந்திக்கொண்டான். முதல் மூட்டையை ஒரு விரலில் தூக்கினான். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதில் கை வைத்ததும் முனகினான். "இதுல யாராவது உக்கார்ந்திருக்காங்களா?"

"அதை வையுங்க," என்றார் முங்க்.

"வெச்சுட்டேன். அதுவே வெச்சுக்கிச்சு."

இன்ஸ்பெக்டர் முடிச்சை அவிழ்த்தார். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே, கயிறுபோல் இறுகச் சுருட்டப்பட்ட சிவப்பு மகமல். ஒரு நுனியில் ஒரு சிங்கத்தின் வால். சுருளின் மேலெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

வியன்னாவில் ஒருவர் தம் வரவேற்பறைச் சுவருக்குப் பொருத்தமான அளவில் ஒரு திரை தேடிக்கொண்டிருந்தார் என்பதும், இன்றிரவே காரில் அது போகவிருந்தது என்பதும் பின்னர் தெரிந்தவை. அப்போது முங்க் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, ஹெர்மினாவையும் பார்க்கவில்லை. மனம் நொந்தவராகப் பாஷைப் பார்த்தார்.

"பார்த்தும் ரெண்டு நாள் வாயைத் திறக்காம இருந்தீங்களே, பாஷ். இப்போ ஏன் சொன்னீங்க?"

"நான் எதையும் பார்க்கலை, சார்," என்றார் பாஷ். "தூங்கிட்டிருந்தேன்."

இதைக் கேட்ட ரப்பி மெல்லத் திரும்பிப் பாஷைப் பார்த்தார். பாஷ் தலைகுனிந்தார். திருடன் பிடிபட்டதைவிட இந்தப் பார்வைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது என்று ஓட்டகாருக்குப் பட்டது.

"அப்போ அன்னிக்கு நீங்க இறக்கலை," என்றார் ரப்பி.

"இல்லை, ரப்பி."

"நான் உங்களை ஊரறியப் பாராட்டினேன்."

"ஆமா, ரப்பி."

"திரும்ப வாங்கிக்கிறேன்." ரப்பி தாடியைத் தடவினார். "பாராட்டைத்தான். வேலையை இல்லை. போய் அதை மாட்டுங்க. சூரியன் உங்களுக்காக நிக்காது."

பாஷ் ஏணியில் ஏறினார். ஓட்டகார் ஏணியைப் பிடித்துக்கொண்டான். தூசி தட்டப்பட்ட சிங்கங்கள் பேழையின் முன் இறங்கி, எதுவும் நடவாததுபோல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தொழ வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். ஆகஸ்டு மாதம், ப்ராக்கில் பாதிப்பேர் கோடை வீடுகளில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏணியின் மேலிருந்தே பாஷ் ஆண்களின் தலைகளைப் பார்த்து முணுமுணுத்தார்.

"ஒண்ணில்லை, ரெண்டில்லை, மூணில்லை..."

"எண்ணுறீங்களா, எண்ணலையா?" என்றான் ஓட்டகார்.

"மனுஷங்களை எண்ணக் கூடாது. அதான் எண்ணாம எண்ணுறேன். ...எட்டில்லை, ஒன்பதில்லை." பாஷ் நிறுத்தினார். இன்ஸ்பெக்டரின் பிடியில் வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்த முங்கைப் பார்த்தார். "சார்! இன்ஸ்பெக்டர் சார்! ஒரு நிமிஷம்!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"அவரைக் கூட்டிட்டுப் போனா ஒன்பது பேர்தான். பத்து ஆம்பளைங்க இல்லாம தொழுகை நடத்த முடியாது."

"நான் நிக்கட்டுமா?" என்றான் ஓட்டகார்.

"நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நீங்க யூதர் இல்லையே. நீங்களும் உங்க அண்ணன் தம்பி எல்லாரும் வந்து நின்னாலும் ஒன்பதுதான்."

"அவர் திருடன்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"திருடனைக் கழிச்சுட்டுப் பத்துப் பேர் வேணும்னு எங்கேயும் எழுதலை," என்றார் ரப்பி. "அப்படி எழுதியிருந்தா எழுநூறு வருஷமா இந்தக் கதவைத் திறந்தே இருக்க முடியாது."

இன்ஸ்பெக்டர் வ்ரானா ஹெர்மினாவைப் பார்த்தார். இது தன் தொழிலில் சேராது என்பதுபோல் ஹெர்மினா கூரையின் விலாக்களைப் பார்த்தாள். கடைசியில் அவர் முங்கின் தோளிலிருந்து கையை எடுத்து, வாயிலுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

முங்க் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் கூடத்தின் நடுவே நின்றார். அவருடைய வழக்கமான இடம் முன்வரிசை. அங்கே போக அவர் கால் எழவில்லை. பாஷ் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மாடத்திலிருந்து ஒரு தொழுகைப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினார்.

"மேலேர்ந்து மூணாவது வரி, சார்," என்றார். "முடிஞ்சதும் மறக்காம என்கிட்ட திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."